மேற்கே குட்டை

போன மாதம் என் மைத்துனர் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் ஒரு மனைப்பிரிவின் வழவழப்பான விளம்பரத் தாள். தார்ச் சாலை, தெருவிளக்கு, பூங்கா என்று வண்ண வண்ணமாகப் படம். "அப்ரூவல் மனை மாமா. கிழக்கு பார்த்தது. வாஸ்துவும் பார்த்தாச்சு. அடுத்த வாரம் அட்வான்ஸ் குடுக்கப் போறேன்" என்றான்.

"அங்கே என்ன மண்?" என்று கேட்டேன்.

"செம்மண் கொட்டி மட்டம் பண்ணியிருக்காங்க மாமா. பார்க்கவே சூப்பரா இருக்கு" என்றான்.

கொட்டிய மண்ணைக் கேட்கவில்லையப்பா, அதற்குக் கீழே என்ன மண் என்று கேட்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் நம் ஊர் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1960-களில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு பிரான்சின் மண் மனப்பாடம். போஸ் சமவெளி கோதுமை விளையும் பூமி. தென்மேற்கில் அட்லாண்டிக் கரையோரம் இருக்கும் லாந்த் பகுதி வெறும் மணலும் சதுப்பும். அங்கே வடிகால் வெட்டி பைன் மரம் நட வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1857-ல், சட்டமே போட்டார்கள். இதையெல்லாம் வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டி மார்க் வாங்கினோம். ஆனால் தினமும் எங்கள் செருப்புக்குள் புகுந்துகொண்ட மணலும் கடற்கரை மணல்தான், அதைப் பிடித்து நிறுத்தத்தான் நம் கரையில் சவுக்கு நட்டிருக்கிறார்கள் என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. சவுக்குக்கு பிரெஞ்சில் 'ஃபிலாவோ' என்று பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் மண்ணைப் பற்றி நான் தெரிந்துகொண்டது தட்டச்சு யந்திரத்தின் முன்னால்தான். 1973-ல் எல்.டி.சி.யாக வேலைக்குச் சேர்ந்தேன். கட்டட வேலைகள் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தேன். ஒரு பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் துளை போட்டு மண் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த அறிக்கைகளைப் படி எடுப்பது என் வேலை. மேலே ஒன்றரை மீட்டர் கொட்டிய மண், அடுத்து நான்கு மீட்டர் வரை இளகிய கருங்களி, அதற்குக் கீழே மணல் என்று பத்தி பத்தியாக இருக்கும். முதலில் வெறும் எண்களாகத்தான் அடித்தேன். பத்து வருடம் அடித்த பிறகு, தெருவில் நடக்கும்போதே கீழே என்ன இருக்கிறது என்று மனத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால், கடற்கரையிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் மூன்று விதமான பூமியைப் பார்த்துவிடலாம்.

முதலில் கடலோர மணல். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வெள்ளை நகரமும், மேற்கே உள்ள தமிழர் தெருக்களில் பெரும்பகுதியும் இதன் மேல்தான். மணல் என்றதும் பயப்பட வேண்டாம். நன்றாக இறுகிய மணல் பாரத்தைத் தாங்கும். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய வீடுகள் நூறு வருடத்துக்கு மேல் அதில் நிற்கின்றன. அங்கே தொல்லை தண்ணீரும் உப்பும்தான். கடலோர மணலில் மழைநீர் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். போர் போட்டு மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும். நகரத்துக்குக் குடிதண்ணீர் முத்திரையர்பாளையத்திலிருந்து வந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபம் அந்தத் தண்ணீரின் ஞாபகார்த்தம்தான். அதுவும் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. லாந்த் பற்றிப் படித்த எங்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது செம்மண் மேடு. லாசுப்பேட்டை, கோரிமேடு, வடக்கே காலாப்பட்டு வரை. அடியில் இருப்பது கடலூர் மணற்பாறை என்று புவியியல்காரர்கள் பெயர் வைத்திருக்கும் பாறை அடுக்கு. கட்டடத்துக்கு இது நல்ல பூமி. ஆனால் மேல்மண்ணை மூடாமல் விட்டால் மழை அதை அறுத்துக்கொண்டு போய்விடும். பொம்மையார்பாளையம் பக்கம் மழைநீர் வெட்டிய செம்மண் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது ஆறு கொண்டுவந்த வண்டலும் களியும். சங்கராபரணி ஓரம் வில்லியனூர் பக்கம், தெற்கே தென்பெண்ணை பாயும் பாகூர் பக்கம். காரைக்கால் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காவிரியின் கடைமடை அது. நெல்லுக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. வீட்டுக்கு இதைவிட யோசிக்க வேண்டிய மண்ணும் கிடையாது. களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டைத் தூக்கித் தூக்கிப் போடும்.

இந்த விவரமெல்லாம் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நம் பெரியவர்கள் ஊர்ப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உப்பளம் என்றால் உப்பு எடுத்த இடம். தேங்காய்த்திட்டு என்றால் தண்ணீர் சூழ்ந்த திட்டு. மேடு, ஓடை, தாங்கல், ஏரி, வெள்ளவாரி எல்லாம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வைத்த பெயர்கள். புதிதாக வைக்கும் நகர், கார்டன், என்கிளேவ் போன்ற பெயர்கள் எதையும் சொல்வதில்லை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பெயர்களில் தண்ணீர் இல்லை. பெருமழை நாளில் தெருவில் இருக்கும்.

இப்போது தூக்கம் வராத காரணத்துக்கு வருகிறேன்.

பிரெஞ்சு படித்ததால் எனக்கு ஒரு துணைத் தொழில் இருந்தது. பழைய நொத்தேர் பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கும். மனை வாங்குகிற உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் தாய்ப்பத்திரத்தைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்வார்கள். காசு வாங்குவதில்லை. ஒரு டம்ளர் காபி, இரண்டு வெற்றிலை.

1993-ல் என் மனைவியின் தம்பி ஒரு பத்திரத்தோடு வந்தார். கூடவே தரகரும் வந்தார். ஊருக்கு மேற்கே ஒரு புது மனைப்பிரிவு. பெயர் வேண்டாம், இன்னும் நாற்பது குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வாசித்துக்கொண்டே வந்தேன். நிலத்தின் வகை 'ரிஸியேர்', அதாவது நெல் வயல். மேற்கு எல்லை 'எத்தாங்'. "மேற்கே குட்டை" என்று வாசித்தேன். "அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப குட்டையும் இல்ல, தண்ணியும் இல்ல" என்று தரகர் சிரித்தார். மைத்துனரும் சிரித்தார்.

எனக்கு அந்தக் குட்டை நன்றாகத் தெரியும். பத்து வயதில் அதில் கெளுத்தி மீன் பிடித்திருக்கிறேன். பத்திரத்தில் எல்லை எங்கே இருந்தாலும், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் அந்த மனைக்குள்தான் நிற்கும். இடுப்பளவு. அதோடு, இளகிய களி பற்றி எத்தனையோ அறிக்கைகளை அடித்தவன் நான். சொல்லியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. தம்பி முதல்முதலாக ஒரு இடம் வாங்குகிறார், நல்ல காரியம், அபசகுனமாக ஏன் பேச வேண்டும் என்று நினைத்தேன். 'மாமாவுக்குப் பொறாமை' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

மறு வருடமே வீடு கட்டினார். நான்கு அடி கடைக்கால். மேஸ்திரி எல்லா இடத்திலும் தோண்டும் அதே நான்கு அடி. வீட்டின் முன்பாதி பழைய வயல் மண்ணில், பின்பாதி குட்டையில் கொட்டிய மண்ணில். இரண்டாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. மழைக்காலத்தில் பின்கட்டுக் கதவு மூடாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சிமெண்ட் வைத்துப் பூசி வெள்ளையடிப்பார். ஆடிக்குள் விரிசல் திரும்ப வந்துவிடும். கடைசியில் பின்கட்டு இரண்டு அறைகளையும் இடித்துவிட்டார். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்ததே, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அன்று இரவு அவர் வீட்டுக் கூடத்தில் முழங்கால் வரை தண்ணீர். குட்டை தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, சேற்றை வாரிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு முறை கேட்டார். "மாமா, அன்னைக்கு நீங்க குட்டைன்னு படிச்சீங்க இல்ல?" நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அதனால்தான் இதை எழுதுகிறேன். மனை வாங்கப் போகிறவர்களுக்கும், பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் நிலையில் உள்ளவர்களுக்கும், எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மனையை இரண்டு முறை பாருங்கள். சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை. சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தால் அது களி. கார்த்திகையில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். விற்கிறவர் மாசியில்தான் காட்டுவார். அவசரப்படாதீர்கள்.

தாய்ப்பத்திரத்தில் பழைய நில வகையைப் பாருங்கள். நஞ்சை என்றிருந்தால் கீழே பெரும்பாலும் வண்டலோ களியோதான். அதைப் பார்த்து வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வாங்குங்கள், அதற்கேற்ற கடைக்கால் போடுங்கள் என்கிறேன். பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாஸ்து நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மனையடி சாத்திரத்தில் திசைக்கு முன்னால் மண் சோதனை இருக்கிறது. ஒரு முழம் குழி தோண்டு, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடு. மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் அதமம். இது மூடநம்பிக்கை இல்லை. இறுகிய மண்ணைத் தோண்டினால் உதிர்ந்து பெருகும், மிஞ்சும். தளர்ந்த மண் குழிக்குள் அமுங்கிப் போகும், போதாது. திசையை மட்டும் வைத்துக்கொண்டு குழியை விட்டுவிட்டோம்.

குழிச் சோதனை மேல் மண்ணைத்தான் சொல்லும். மாடி வீடு என்றால் துளை போட்டே பார்க்க வேண்டும். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டுக் குழாயை இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்பதுதான் கணக்கு. இளகிய களியில் மூன்று நாலு அடியில் இறங்கிவிடும். இறுகிய மணலில் முப்பது நாற்பது கேட்கும். இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் நாலு அடி கடைக்கால் போதுமா, பைல் இறக்க வேண்டுமா என்று பொறியாளர் முடிவு செய்வார். வாசல் கதவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கு இதற்குச் செலவழிக்க நமக்கு மனம் வருவதில்லை.

கொட்டிய மண்ணின் மேல் கடைக்கால் நிற்கக்கூடாது. அதைத் தாண்டி, அசையாத பழைய மண்ணைத் தொட வேண்டும். வீட்டின் ஒரு பாதி ஒரு மண்ணிலும் மறு பாதி வேறு மண்ணிலும் நிற்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. வாய்க்கால் கரை, ஆற்றங்கரை என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 2024 ஜனவரியில் ஆட்டுப்பட்டியில் உப்பனாறு வாய்க்கால் ஓரம், வாய்க்கால் வேலை நடந்துகொண்டிருந்தபோது, கட்டி முடித்த மூன்று மாடி வீடு அப்படியே சாய்ந்து விழுந்ததை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். நல்ல வேளை, அதில் யாரும் குடியேறியிருக்கவில்லை.

கடலோரத்தில் கம்பிக்கு எதிரி உப்பு. கடற்கரை மணலைக் கலவையில் சேர்க்கவே கூடாது. உப்புத் தண்ணீரில் கலவை போடக்கூடாது, அதில் நனைக்கவும் கூடாது. கம்பிக்கு வெளியே போதிய கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரை செதில் செதிலாக விழும்.

தோட்டம் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். நான் இருப்பது லாசுப்பேட்டை, செம்மண். ஓய்வு பெற்ற புதிதில், பாகூரில் நண்பர் தோட்டத்து வாழையைப் பார்த்து ஆசைப்பட்டுப் பத்து கன்று கொண்டுவந்து வைத்தேன். அங்கே வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். இங்கே செம்மண் அன்றைக்கே குடித்துவிட்டு அடுத்த நாள் கையை நீட்டியது. எட்டு கன்று போய்விட்டது. பிறகு ஒரு சப்போட்டா, ஒரு பலா வைத்தேன். பெரிதாகக் கவனிக்காமலே வளர்ந்து இன்று தெருவுக்கே பழம் தருகின்றன. என் கை ராசி மாறவில்லை, மண்ணுக்கேற்ற மரத்தை வைத்தேன், அவ்வளவுதான்.

ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாக மேலே நிற்பது களி. பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யுங்கள், சந்தோஷப்படுவார்கள். அடுத்து ஓர் அடிக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரவு முழுக்க நின்றால் வேர் அழுகும் இடம். பாத்தியை உயர்த்தித்தான் பயிர் வைக்க வேண்டும்.

மணலுக்கு உரம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மொத்தமாகப் போட்டால் அடுத்த மழையில் கீழே போய்விடும். தென்னை, பூவரசு, புன்னை, வேம்பு எல்லாம் மணலில் வரும். களியில் இரண்டு கூடை மணல் கொட்டினால் இளகிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். அதை இளக்குவது மக்கிய தொழு உரம்தான், அதுவும் வருடக்கணக்கில். உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜிப்சம் போட வேண்டியது களருக்கு. உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வடிய விட வேண்டும். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, குரும்பாப்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், சோதனைக்கு வழி சொல்வார்கள்.

அரசாங்கத்தில் முப்பத்தெட்டு வருடம் காகிதம் எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுகிறோம், நீள அகலம் எழுதுகிறோம், கிணறும் மரமும் இருந்தால் அதையும் எழுதுகிறோம். முன்பு அந்த இடம் என்னவாக இருந்தது, எத்தனை அடிக்கு மண் கொட்டியது என்று ஒரு வரி எழுதினால் என்ன? மனைப்பிரிவு போடுகிறவர் ஒரு துளை போட்டு, அந்த அறிக்கையை வாங்குகிறவர் கையில் கொடுக்கட்டுமே. சின்ன வீடு கட்டுகிறவனுக்குத்தான் இது அதிகம் தேவை. அவன் வாழ்நாளில் கட்டுவது ஒரே வீடு.

அந்தச் சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை அந்த வரி நம் ஞாபகத்தில்தான் இருக்கிறது. எந்த நகர் ஏரியாக இருந்தது, எந்தத் தெருவில் ஓடை ஓடியது, எங்கே மீன் பிடித்தோம் என்று தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கிறோம். யாரும் கேட்க மாட்டார்கள். அபசகுனம் என்று நினைக்காமல், கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே மைத்துனர் மகனுக்கு போன் செய்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தாய்ப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான், அப்பாவையும் அழைத்துக்கொண்டு. பத்திரம் இந்த முறை தமிழில்தான் இருந்தது. ஆனாலும் மைத்துனர் அதை என் கையில் கொடுத்து, "நீங்களே படிங்க மாமா. கொஞ்சம் சத்தமா படிங்க" என்றார்.